கருயிசாவாவுக்கு இரண்டு டிக்கெட்

விடிந்தும் விடியாத நேரத்தில், துபாய்க்குத் தெற்கே கடலோர மணலில், முந்நூறு ஆண்கள் வரிசையாக நின்று கையை ஆட்டிக் குனிந்து நிமிர்வதைப் பார்ப்பவர்கள், வயது முற்றிய பிள்ளைகளுக்கு யாரோ பள்ளிக்கூட டிரில் நடத்துகிறார்கள் என்றுதான் நினைப்பார்கள். 1979ஆம் வருடம் அது. கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் ஆலை ஒன்றை ஒரு ஜப்பான் கம்பெனி அங்கே கட்டிக்கொண்டிருந்தது. வேலை தொடங்கும் முன் ஒலிபெருக்கியில் பியானோ ஒலிக்கும். மேனேஜரிலிருந்து மண் அள்ளுகிறவன் வரை எல்லோரும் உடற்பயிற்சி செய்தாக வேண்டும். அவர்கள் ஊர் வழக்கம்.

நான் கேம்ப் ஆபீசில் கிளார்க். பி.ஏ. பொருளாதாரம், மதுரைப் பல்கலைக்கழகம். எங்கள் ஊரில் பெயருக்குப் பின்னால் பட்டம் போட்டுக்கொண்ட முதல் ஆள் நான்தான்; அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு இன்றைக்கும் கூச்சம் கிடையாது. கேம்ப்பில் எனக்குப் பெயரே ‘பி.ஏ.’தான்.

அந்த முந்நூறு பேரில் ஒருவர் மட்டும் பியானோவுக்கு மேலே குரல் கொடுத்து, “இச்சி, நி, சான், ஷி” என்று ஜப்பான் கணக்கில் எண்ணிக்கொண்டே குனிவார். அவர்தான் நாகலிங்கம் அண்ணன். கமுதிப் பக்கம். நாற்பதைத் தாண்டிய வயது, கறுத்து ஒடிசலான உடம்பு. கிரேன் தூக்க வேண்டிய இரும்புக்குக் கம்பிவடம் கட்டுகிற வேலை, ரிக்கர் என்பார்கள். இரண்டு விரலை வாயில் வைத்து அவர் விசிலடித்தால்தான் மேலே உட்கார்ந்திருக்கும் பாகிஸ்தான் டிரைவர், பட்டாணி என்போம், கிரேனை அசைப்பான்.

“மச்சான், ஒனக்குச் சம்பளம் குனியுறதுக்கா, பாரம் கட்டுறதுக்கா?” என்று பக்கத்து வரிசையிலிருந்து கார்மேகம் கேட்பார். ஒரே ஊர்க்காரர், ஒரே ரூம்.

“ரெண்டுக்குந்தான். நீயும் கொஞ்சம் குனி. தொப்பை ஜப்பான்காரனுக்குத் திருஷ்டிப் பூசணிக்கா மாதிரி தெரியுது.”

மார்ச் மாதத்தில் ஒரு நாள் உடற்பயிற்சி முடிந்ததும் சைட் மேனேஜர் இஷிடா சான் (‘சான்’ என்றால் அவர்கள் ஊரில் ‘ஐயா’ மாதிரி) மேடையேறி நாகலிங்கம் அண்ணனைக் கூப்பிட்டார். மூன்று வருடமாக அண்ணன் கட்டிய எந்தப் பாரமும் நழுவவில்லை, அவர் கூட்டத்தில் ஒருவனுக்கும் விரல்கூட நசுங்கவில்லை. அதற்காகக் கம்பெனி பரிசு கொடுக்கிறது. ஜப்பானில் கருயிசாவா என்ற மலை ஊரில் கம்பெனிக்குச் சொந்தமாக ஓய்வு விடுதி இருக்கிறது. அங்கே நான்கு நாள் தங்கலாம். போக வர இரண்டு டிக்கெட், அவருக்கும் அவர் மனைவிக்கும். நான் இங்கிலீஷிலிருந்து தமிழாக்கிச் சொன்னேன். கூட்டம் கைதட்டியது. பட்டாணி கிரேனிலிருந்தே ஹாரன் அடித்தான்.

பிறகு ஆபீசுக்குள் இஷிடா சான் எனக்கு மீதியை விளக்கினார். இது தம்பதிகளுக்கான பரிசு. மனைவி வர முடியாவிட்டால் இரண்டு டிக்கெட்டும் அடுத்த ஆளுக்குப் போய்விடும். தேதி ஜூலை கடைசி வாரம். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை கிடைக்கும் ஊர் லீவுக்குப் பதிலாகத்தான் இந்தப் பயணம்; அண்ணன் நேரே பம்பாய்க்கு வர, அண்ணி அங்கே வந்து சேர்ந்துகொள்ள வேண்டும். எல்லா ஏற்பாட்டையும் நான் பார்க்க வேண்டும். ஜப்பானுக்குப் போகிறவர் எங்கள் ஜில்லாக்காரர், திட்டம் போடுகிறவன் நான். அன்றைக்கு எனக்குத் தலை கால் புரியவில்லை.

சாயங்காலம் இஷிடா சான் கொடுத்த படப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவர்கள் ரூமுக்குப் போனேன்.

“இது அசாமா மலைண்ணே. எரிமலை.”

“எரிமலையா? இந்த வெக்கையிலேர்ந்து தப்பிச்சுப் போவோம்னா, நெருப்பு மலைக்கா கூப்புடுறாக?”

“சும்மா புகையும், அவ்வளவுதான். ஊருக்குள்ள நல்ல குளிரு. மேகம் எறங்கி வீட்டுக்குள்ளேயே வருமாம். ரயிலு மலையேற மாட்டாம, பின்னால ரெண்டு இன்ஜின் வச்சுத் தள்ளுவாங்களாம்.”

அடுத்த பக்கத்தில் ஓர் ஆணும் பெண்ணும் ஒரே சைக்கிளில் இருந்தார்கள். இரண்டு சீட், இரண்டு ஜோடி பெடல். கார்மேகம் புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டார்.

“வீரம்மா தங்கச்சி முன்னால, நீ பின்னால. பிரேக்கு தங்கச்சி கையில. ஊர்ல எப்படியோ அப்படியே.”

ரூமே சிரித்தது. நாகலிங்கம் அண்ணன் சிரிக்கவில்லை. அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “அவ கமுதியத் தாண்டி மதுரைக்கு ஒருக்கா போயிருக்கா. அதுவும் எங்காத்தா ஆஸ்பத்திரியில கெடந்தப்ப தொணைக்கு. எனக்கும் அவளுக்கும் கல்யாணமாகி பதினெட்டு வருசம் பி.ஏ., நாங்க ரெண்டு பேரு மட்டும் ஒரு பஸ்ஸுல ஏறினதில்ல” என்றார்.

அண்ணி வருவாரா என்பதைக் கேட்டாக வேண்டும். எங்கள் கேம்ப்பில் அப்போதெல்லாம் கடிதத்தைவிடக் கேசட்டுக்குத்தான் மதிப்பு. எழுதத் தெரியாதவனும் பேசலாம், படிக்கத் தெரியாதவளும் கேட்கலாம். ஆனால் கேசட்டில் தனியாகப் பேசுவது என்று ஒன்று கிடையாது. ரூமுக்கு ஒரு டேப்ரிக்கார்டர். பதிவு செய்யும்போது ரூமே சுற்றி உட்கார்ந்திருக்கும். ஊரிலும் அப்படித்தான். கேசட் வந்துவிட்டது என்றால் தெருவே வாசலில் கூடிவிடும். முதலில் மூத்தவர்களை விசாரிக்க வேண்டும், பிறகு அண்ணன் தம்பி, பிள்ளைகள், பக்கத்து வீடு. பெண்டாட்டி பெயர் கடைசியில் வந்தால்தான் மரியாதை.

நாகலிங்கம் அண்ணனும் அப்படியே பேசினார். ஆத்தாவின் முட்டிவலியை விசாரித்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, “மாயழகண்ணே, கம்பெனியில ஜப்பானுக்குப் போயிட்டு வரச் சொல்லி டிக்கெட்டு தர்றாக. வீரம்மாளையும் கூட்டிட்டுப் போகணுமாம். மலை ஊரு. மேகம் வீட்டுக்குள்ள வருமாம். நீங்க என்ன சொல்றீக?” என்று தன் கூடப்பிறந்த அண்ணனிடம் கேட்டார். கடைசியில், “வீரம்மாளும் கேட்டுக்கிரட்டும்” என்று ஒரு வரி. கார்மேகம் பட்டனை அமுக்கி நிறுத்தினார்.

“தங்கச்சிகிட்ட நேரா ஒரு வார்த்தை கேட்டா வாய் வெந்தா போயிரும்?”

“தெருவே கேக்கும்டா. அவளுக்குத்தான் சங்கடம்.”

வெள்ளிக்கிழமை நாங்கள் இருவரும் பர் துபாய்க்குப் போனோம். அங்கே ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்த கலீலுர் ரஹ்மான் கீழக்கரைக்காரர். மூன்று மாத லீவில் மறுநாள் ஊருக்குக் கிளம்ப இருந்தார். கேசட்டைத் தானே கமுதிக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதாகச் சொல்லிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“ஒரு ஸ்வெட்டர் வேணும் மாப்ள” என்றார் நாகலிங்கம் அண்ணன்.

கலீலுர் ரஹ்மான் வெளியே வெயிலைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “பி.ஏ., இவரை நேத்து வெயில்ல தொப்பி போடாம வேலை செய்ய விட்டீங்களா?”

விஷயத்தைச் சொன்னதும் கிடங்குக்குள் போய்க் குளிர்காலத்தில் விற்காத நாலைந்தைத் தூசி தட்டி எடுத்துவந்தார். “தங்கச்சி அளவு என்ன?”

நாகலிங்கம் அண்ணன் கையைத் தூக்கினார். தோள் உயரம் காட்டினார். கொஞ்சம் இறக்கினார். மறுபடி ஏற்றினார். இரண்டு கையையும் விரித்து அகலம் காட்டப் போனவர் பாதியில் நிறுத்திவிட்டார். “போன லீவுல பாத்தப்ப மெலிஞ்சிருந்தா. இப்ப எப்படி இருக்கான்னு தெரியலையே மாப்ள.” கடைசியில் மாம்பழ மஞ்சளில் பெரியதாக ஒன்றை எடுத்தார். “பெருசா இருந்தா மடிச்சு விட்டுக்கிரலாம்.”

“ஒங்களுக்கு?”

“அவ வந்தாத்தானே எனக்கு? அது அப்புறம் பாத்துக்கிரலாம்.”

விடுதியைப் பார்த்துக்கொள்ளும் கிழத் தம்பதிக்கு ஏதாவது கொண்டுபோக வேண்டும் என்றும் சொன்னார். கல்ஃபிலிருந்து ஒருவன் எந்த வீட்டுக்கும் வெறுங்கையோடு போவதில்லை. பளபளவென்று ஒரு டேப்ரிக்கார்டரை நான்தான் தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன். பட்டதாரி சிபாரிசு. கலீலுர் ரஹ்மான் அதைத் திருப்பி அடிப்பக்கத்தை என் மூக்குக்கு நேரே பிடித்தார்.

“படிங்க பி.ஏ.”

‘மேட் இன் ஜப்பான்.’

கைக்கடிகாரத்தைக் காட்டினோம். ஜப்பான். டார்ச் லைட், குடை, நைலான் சேலை, நகவெட்டி, எல்லாம் ஜப்பான். “கொல்லன் தெருவுக்கு ஊசி வாங்கிட்டுப் போற மாதிரில்ல இருக்கு!” என்று நாகலிங்கம் அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இரண்டு டப்பா பேரீச்சம்பழத்தோடு கேம்ப் திரும்பினோம்.

பதில் வரும்வரை எனக்கு வேலை ஓடியது. முதல் நாள் எங்கே, இரண்டாம் நாள் எங்கே என்று டைப் அடித்துக் காட்டுவேன். அவர் கேள்விகள் வேறு மாதிரி இருக்கும்.

“சோறு கெடைக்குமா?”

“அவங்களும் சோறுதான்ணே திங்கிறாங்க.”

“கொழம்பு?”

“கொழம்பு இருக்காது.”

“அப்ப ஒரு போத்தல்ல ஊறுகாய். எழுதிக்க.”

மே மாதம் கீழக்கரையிலிருந்து திரும்பிய ஒருவர் கேசட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். ரூமில் கட்டில்மேலும் கட்டிலுக்குக் கீழும் ஆட்கள். கார்மேகம் பட்டனை அமுக்கினார்.

முதலில் கோழி கூவியது. பிறகு அண்ணன் மாயழகின் குரல், மேடையில் பேசுகிறவர் மாதிரி. “தம்பி நாகலிங்கத்துக்கு. இங்க எல்லாரும் சௌக்கியம். ஜப்பான் விசயம் கேட்டோம். ஆத்தாவுக்கு மனசில்ல. ரெண்டு வருசமா உன் மொகத்தப் பாக்க வழி பாத்துக்கிட்டிருக்கு. அந்தப் பிள்ளைக்கு எழுத்து தெரியாது, பாஷை தெரியாது, பம்பாய் வரைக்கும் யாரு கொண்டாந்து விடுறது? மலைக்குப் போகணும்னு ஆசைன்னா கொடைக்கானல் இல்லையா? நீ லீவுல வா. ஒரு வேன் பேசுவோம். நம்ம வீட்டுல பதினாலு பேரு, சம்பந்தி வீட்டுல ஒரு ஆறு பேரு, எல்லாருமாப் போயிட்டு வருவோம்.”

ஆத்தா அழுதது. மகன் கால்குலேட்டர் கேட்டான். மகள் பரீட்சை எழுதியதைச் சொன்னாள். பக்கத்து வீட்டுக்காரர் தம்பிக்கு விசா கேட்டார். பிறகு யாரோ, “பேசு தாயி, ஓடுது பாரு” என்று தள்ளிவிடும் சத்தம்.

“நல்லாருக்கேன்” என்றார் அண்ணி. மெலிந்த குரல். “நீங்க ஒடம்பப் பாத்துக்கங்க. பெரிய மச்சான் சொல்றபடி கேட்டுக்கங்க.” பிறகு, “ஏங்க, மேகம் வீட்டுக்குள்ள வந்தா, காயப் போட்ட துணிமணியெல்லாம் நனையாதா?”

அங்கே தெருவே சிரித்தது. “கேக்குறா பாரு கேள்வி!” என்றது மாயழகின் குரல். இங்கே ரூமும் சிரித்தது. டேப் முடிந்தது.

“கலாஸ், முடிஞ்சுபோச்சு. கொடைக்கானல்தான்” என்று கார்மேகம் எழுந்தார். கேலி செய்யவில்லை, அவர் முகமும் தொங்கிப்போயிருந்தது.

நாகலிங்கம் அண்ணன் என்னிடம், “இஷிடா சானுக்குச் சொல்லிடு தம்பி. டிக்கெட்டு அடுத்த ஆளுக்குப் போகட்டும்” என்றார். மறுநாள் காலை அவர் வரிசையில் நின்றார், குனிந்தார், நிமிர்ந்தார். எண்ணவில்லை. பியானோ மட்டும் கேட்டது. நானும் இஷிடா சானிடம் உடனே போய்ச் சொல்லவில்லை. சொல்ல மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். ரூமில் மற்றவர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். சத்தத்தைக் குறைத்து, அண்ணியின் அந்தக் கேள்வியை மட்டும் போட்டுக் காட்டினார். சுற்றி, மறுபடி போட்டார்.

“என்ன தெரியுது?”

“துணி நனையுமான்னு கேக்குறாங்க.”

“பி.ஏ. படிச்சிருக்க, இது தெரியலையே. எட்டு வருசமா கல்ஃபுல இருக்கேன். எத்தன கேசட்டு வந்திருக்கும்! எல்லாத்துலயும் ‘நல்லாருக்கேன், ஒடம்பப் பாத்துக்கங்க’. அம்புட்டுத்தான். எங்கிட்ட ஒண்ணுகூடக் கேட்டதில்ல அவ. இப்பக் கேட்டிருக்கா. அதுவும் தெருவ வச்சுக்கிட்டு.” சிரித்தார். “அவ அந்த ஊருக்குப் போயிட்டாடா. அங்க துணி தொவச்சுக் காயப்போட்டுட்டு நிக்கிறா. நாந்தான் இங்க டிக்கெட்டத் திருப்பிக் குடுக்கச் சொல்லிட்டேன்.”

“நான் இன்னும் குடுக்கலண்ணே.”

என் தோளில் ஓங்கி ஒன்று வைத்தார். வலி இரண்டு நாள் இருந்தது.

கலீலுர் ரஹ்மானின் வீட்டில் டெலிபோன் உண்டு; அவர் இன்னும் ஊரில்தான் இருந்தார். துபாய் டெலிபோன் ஆபீசிலிருந்து அவரைப் பிடித்து விஷயத்தைச் சொன்னோம். “பொம்பளச் சாமான் ஒண்ணு இங்க தங்கிப்போச்சு, தங்கச்சியே வந்து வாங்கிட்டுப் போகட்டும்னு சொல்லி அனுப்புறேன். மீதிய எங்க உம்மா பாத்துக்கிரும்” என்றார். அடுத்த வெள்ளிக்கிழமை அண்ணி மகளோடு பஸ் ஏறிக் கீழக்கரைக்கு வந்துவிட்டார்.

டெலிபோன் ஆபீஸ் கூண்டுக்குள் நாகலிங்கம் அண்ணன் போட்ட சத்தத்துக்குப் போனே தேவையில்லை. வரிசையில் நின்ற பத்துப் பேருக்கும் கேட்டது.

“வீரம்மா! நாந்தேன்... பக்கத்துல யாரு? ரகுமான் உம்மாவா? அவுகளக் கொஞ்சம் அங்கிட்டு இருக்கச் சொல்லு... அட, கோவிச்சுக்கிற மாட்டாக... ஜப்பானுக்கு வாறியா?... அண்ணன் சொன்னது கெடக்கட்டும். ஆத்தாவும் கெடக்கட்டும். நீ என்ன சொல்ற?”

பிறகு கேட்டுக்கொண்டே நின்றார். நெற்றியைக் கண்ணாடியில் முட்டுக்கொடுத்துக்கொண்டார். “ம்” என்றார். இன்னொரு “ம்”. நேரம் முடிந்து லைன் அறுந்தது. அதன் பிறகும் ரிசீவரைக் காதிலேயே வைத்திருந்தார்.

வெளியே வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். “ஏசிப்புட்டா.”

“என்ன சொன்னாங்க?”

“‘இத எங்கிட்டக் கேக்க இம்புட்டு நாளா? உங்கண்ணன்கிட்டக் கேட்டா அவருதானே பதில் சொல்லுவாரு’ன்னா. வாறாளாம். ஆனா பம்பாய்க்கு யாரோடயோ வரமாட்டாளாம். ‘நான் என்ன பார்சலா, ஆள்கிட்டக் குடுத்து விட? நீங்க வீட்டுக்கு வாங்க. எல்லாரும் பாக்கக் கூட்டிட்டுப் போங்க. ரகசியமா ரகுமான் வீட்டுப் போன்ல சொல்ற வேலை வேணாம்’னுட்டா.” சொல்லிவிட்டு என்னைப் பெருமையாகப் பார்த்தார், பரிசு வாங்கிய அன்றைக்கு எங்களையெல்லாம் பார்த்த மாதிரி. “எம்புட்டுப் பேசுறா தெரியுமா பி.ஏ.!”

அன்று சாயங்காலமே அடுத்த கேசட் பதிவானது. யாரையும் வெளியே போகச் சொல்லவில்லை. ரூம் நிறைந்திருந்தது. நாகலிங்கம் அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்து ஆரம்பித்தார்.

“வீரம்மா. நான் பேசுறேன்.”

கார்மேகம் திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். ஆத்தாவும் இல்லை, அண்ணனும் இல்லை. எடுத்த எடுப்பில் பெண்டாட்டி பெயர். எங்கள் கேம்ப்பில் அப்படி ஒரு கேசட்டை அதுவரை யாரும் கேட்டதில்லை.

“நான் ஊருக்கு வாறேன். ஒன்னக் கூட்டிட்டு ஜப்பான் போறேன். பாஸ்போர்ட்டுக்கு ரகுமான் மாப்ள ஆள் அனுப்புவாரு, அவரு சொல்ற எடத்துல கைநாட்டு வையி. போட்டோவுக்குச் சிரிக்க வேணாம், நேராப் பாரு. நீ கேட்டியே, பி.ஏ. தம்பிகிட்டக் கேட்டேன். துணியெல்லாம் நனையுமாம். வீட்டுக்குள்ள கொடி கட்டித்தான் காயப் போடணுமாம். நான் கட்டித் தர்றேன்.” டேப்ரிக்கார்டரை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டார். “ஆத்தா, அண்ணே, எல்லாரும் கேட்டுக்கங்க. போயிட்டு வந்து கொடைக்கானலும் போவோம். வேனு பேசி வைங்க.”

இஷிடா சானிடம் நான்தான் போய் நின்றேன். ஜூலைக்குள் அண்ணியின் பாஸ்போர்ட் கைக்கு வராது, அண்ணனுக்கு முதலில் ஊருக்குப் போகப் பத்து நாள் வேண்டும், இரண்டுமே திட்டத்தில் இல்லாதவை. அவர் பல்லிடுக்கில் காற்றை இழுத்துக்கொண்டு காலண்டரைப் பார்த்தார். அந்த விடுதி அறைகளை டோக்கியோவில் சீட்டுக் குலுக்கி ஒதுக்குவார்கள், மாற்றுவது கஷ்டம் என்றார். காரணம் என்ன என்று கேட்டார். நான் உள்ளதைச் சொன்னேன்: வந்து கூட்டிப்போனால்தான் வருவேன் என்று மனைவி சொல்கிறார்.

“அப்படிச் சொன்னாரா?” என்று மறுபடி கேட்டார். நான் தலையாட்டினேன். எழுந்து நின்று டோக்கியோவுக்கு போன் போட்டார். முகம் தெரியாத ஆளுக்கு, போனைப் பிடித்தபடியே, எட்டு முறையாவது குனிந்து வணக்கம் வைத்திருப்பார். பிறகு காலண்டரில் ஆகஸ்ட் கடைசியில் ஒரு வட்டம் போட்டார். “கூட்டம் இருக்காது. சாயங்காலம் நன்றாகக் குளிரும்” என்றார்.

ஆகஸ்டில் கம்பெனி பிக்கப்பில் நானும் கார்மேகமும் அண்ணனை ஏர்போர்ட்டுக்குக் கொண்டுபோய்விட்டோம். ஊர் வழியாகப் போகிறார் என்று தெரிந்ததும் கேம்ப்பே அவர் தலையில் பார்சல் ஏற்றியிருந்தது.

“ஜப்பானுக்குப் போறவன் மாதிரியா இருக்க? சந்தைக்குப் போற வண்டி மாதிரி இருக்க” என்றார் கார்மேகம், கயிறு கட்டிய அட்டைப்பெட்டியை இறக்கிக்கொண்டே.

கவுண்ட்டரில் இருந்தவர் டிக்கெட்டைப் புரட்டினார். துபாய், பம்பாய், மெட்ராஸ், திரும்பப் பம்பாய், டோக்கியோ. அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. “கிதர் ஜாத்தா ஹை, பாய்?” எங்கே போகிறாய் என்று இந்தியில் கேட்டார்.

பதில் சொல்ல நான் வாயெடுத்தேன். நாகலிங்கம் அண்ணன் என்னைக் கையால் ஒதுக்கிவிட்டு, பின்னால் நின்ற வரிசைக்கும் கேட்கும்படி, தனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னார்: “பீவி லேனே ஜாத்தா ஹை, சாப்.”

பெண்டாட்டியைக் கூட்டிவரப் போகிறேன் ஐயா.